எந்த வழியில் சொந்தம்? தூரத்து உறவின் முறையைக் கண்டுபிடிப்பது எப்படி

சிங்கப்பூர் ஈசூனில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் துக்க வீடு. அப்பாவோடு போயிருந்தேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி என் கையைப் பிடித்து, "யாரு வீட்டுப் புள்ள நீ?" என்று கேட்டார். அப்பாவின் பெயரைச் சொன்னேன். "அது தெரியுது சாமி. எந்த வழி?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. இறந்துபோனவரைச் சிறு வயதிலிருந்து மாமா என்று கூப்பிட்டிருக்கிறேன். ஏன் மாமா என்று ஒருநாளும் யாரையும் கேட்டதில்லை.

அந்தப் பாட்டி கேட்ட 'எந்த வழி' என்ற இரண்டு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. மாமா, சித்தி, அண்ணன் என்பதெல்லாம் விடை. வழி என்பது கணக்கு. விடையை மட்டும் மனப்பாடம் செய்தால் அந்த ஒருவரைக் கூப்பிடலாம், அவ்வளவுதான். அவருடைய மகளை, மருமகனை, சம்பந்தியை என்ன சொல்வது என்று மறுபடியும் அம்மாவைத்தான் கேட்க வேண்டும். வழி தெரிந்துவிட்டால் யாரைக் கண்டாலும் நீங்களே முறை சொல்லலாம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக, நான் கற்றுக்கொண்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் தாளும் பென்சிலும்

எடுத்த எடுப்பில் கைப்பேசிச் செயலியில் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. பெரும்பாலான செயலிகளில் அத்தை மகனும் பெரியப்பா மகனும் 'கசின்' என்ற ஒரே பெட்டிக்குள் போய்விடுவார்கள். நமக்கு அந்த இருவரும் முற்றிலும் வேறு. ஒருவர் மச்சான், ஒருவர் அண்ணன். இந்த வேறுபாடு தொலைந்தால் நம் உறவுமுறையில் மிச்சம் எதுவும் இல்லை.

பெரிய தாளாக எடுங்கள். கோயிலில் கொடுக்கும் மாதக் காலண்டரின் பின்பக்கம் எனக்கு வசதியாக இருந்தது. அடியில் உங்களைப் போட்டு மேலே ஏறுங்கள். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம். கணக்கே ஆணா பெண்ணா என்பதை வைத்துத்தான் நடக்கப்போகிறது, அதனால் இதை விடாதீர்கள். ஒரு தலைமுறையில் இருக்கிற எல்லோரும் ஒரே கோட்டில் வர வேண்டும். மூத்தவர் இடப்பக்கம், இளையவர் வலப்பக்கம்.

பெயர்களில் ஒரு சிக்கல் வரும். பேரன் என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்தது. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம் என்பதால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பத் திரும்ப வரும். பெயருக்குப் பக்கத்தில் 1, 2 என்று எண் போட்டுக்கொள்ளுங்கள். இதே வழக்கம் உதவியும் செய்யும். வேறு வேறு வீட்டில் இருக்கும் இரண்டு மூத்த பேரன்களுக்கு ஒரே பெயர் என்றால், இருவரும் ஒரே தாத்தாவின் வழியாக இருக்கலாம் என்று சந்தேகப்பட இடம் உண்டு.

பெரியவர்களிடம் எப்படிக் கேட்பது

"அவர் நமக்கு என்ன வேணும்?" என்று கேட்டால் "சொந்தந்தான்பா" என்று பதில் வரும். கேள்வியை மாற்றுங்கள். "அவரைத் தாத்தா எப்படிக் கூப்பிடுவார்?" "அவர் அம்மா பிறந்த வீடு எது?" "அவர் அக்கா காது குத்துக்குத் தாய்மாமன் என்று யார் மடியில் உட்கார வைத்தார்கள்?" இப்படிக் கேட்டால் ஆளும் வழியும் சேர்ந்து வரும். நினைவு என்பது சடங்கோடும் சண்டையோடும் சாப்பாட்டோடும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது, அதைத் தொட்டுக் கேளுங்கள். பழைய கல்யாண ஆல்பத்தைக் கையில் கொடுத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் இருந்தாலே பாதிக் கதை வந்துவிடும். கைப்பேசியில் பதிவு செய்வதாக இருந்தால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

எனக்குக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தவர் அப்பாவின் சித்தி. எனக்குச் சின்ன அப்பாயி. அங் மோ கியோவில் மூவறை வீடு. அன்று சமையலறைத் தரையில் செய்தித்தாளை விரித்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் தாளில் போட்டிருந்த முக்கோணமும் வட்டமும் அவருக்குப் பிடிபடவில்லை. கீரைக் காம்பு ஒன்றை எடுத்து வைத்தார். "இது உன் தாத்தா, கப்பல்ல வந்தவரு." பக்கத்தில் ஒரு கொத்து இலை. "இது அவரு தங்கச்சி. செம்பவாங்ல வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்துல வேலை பார்த்தவருக்குக் கட்டிக் கொடுத்தாங்க." அந்த இலைக்குக் கீழே ஒரு காம்பும் ஓர் இலையும் வைத்தார். காம்பு, இறந்துபோன மாமா. இலை, அவருடைய அக்கா. தாத்தாவின் காம்புக்குக் கீழே இன்னொரு காம்பு. அது என் அப்பா. ஐந்து துண்டு கீரையில் எனக்குப் புரிந்தது ஆயுசுக்கும் போதும்.

கணக்கு இதுதான்

இரண்டு பேருக்கு இடையே முறை தெரிய வேண்டுமானால், இருவரும் எந்த உடன்பிறப்பு ஜோடியிலிருந்து கிளைத்தார்கள் என்று பாருங்கள். அங்கிருந்து ஒவ்வொரு படியாக, இரு பக்கத்தையும் சேர்த்து இறங்குங்கள். ஒவ்வொரு படியிலும் அந்த ஜோடி ஒரே பாலா, ஆணும் பெண்ணுமா என்று மட்டும் பார்த்தால் போதும்.

ஒரே பால் என்றால் முறை மாறாமல் அப்படியே பிள்ளைகளுக்கு இறங்கும். ஆணும் பெண்ணும் என்றால் முறை புரளும்.

அண்ணனும் தம்பியும் ஒரே பால். அதனால் அவர்கள் பிள்ளைகளும் அண்ணன் தம்பி முறைதான். அக்கா தங்கை பிள்ளைகளும் அப்படியே. அண்ணனும் தங்கையும் என்றால் புரள்கிறது, பிள்ளைகள் மாமன் மச்சான் முறை ஆகிறார்கள். இதுவரை எல்லோருக்கும் தெரியும். அடுத்த படியில்தான் பலரும் தடுமாறுவது. மச்சானும் மச்சானும் ஒரே பால், ஆகவே அவர்கள் பிள்ளைகளுக்கும் மாமன் மச்சான் முறையே தொடரும். ஆனால் முறைப்பையனும் முறைப்பெண்ணும் வேறு வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டிருந்தால், அவர்கள் பிள்ளைகள் அண்ணன் தங்கை முறை. இரண்டாவது முறையும் புரண்டு பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

ஏன் என்று சின்ன அப்பாயியிடம் கேட்டேன். "உங்கப்பன் அவளக் கட்டியிருந்தா அவ உனக்கு ஆத்தா. கட்டலைன்னாலும் ஆத்தாவுக்கு அக்கா தங்கச்சி மாதிரிதான?" என்றார். இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது.

இப்போது கீரையைப் பாருங்கள். கப்பல் தாத்தாவும் அவர் தங்கையும் ஆண் பெண், ஒரு புரட்டு. அடுத்த படியில் என் அப்பாவும் இறந்துபோனவரும் ஆண்கள், புரட்டு இல்லை. மொத்தம் ஒன்று. ஆக அவர் அப்பாவுக்கு மச்சான், எனக்கு மாமா, அவருடைய பிள்ளைகள் எனக்கு மச்சான், மச்சினி. அவருடைய அக்கா பக்கம் வாருங்கள். என் அப்பாவும் அவரும் ஆண் பெண், இன்னொரு புரட்டு. மொத்தம் இரண்டு. அவர் எனக்குப் பெரியம்மா, அவருடைய பிள்ளைகள் எனக்கு அண்ணன், அக்கா. ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகள்தான், மகன் வழி வந்தவர்கள் கட்டிக்கொள்ளும் முறை, மகள் வழி வந்தவர்கள் கூடப்பிறந்த முறை.

நீண்ட வழியாக இருந்தால் உடன்பிறப்பு ஜோடியில் தொடங்கி உங்கள் இருவரின் பெற்றோர் வரை, ஆண் பெண் ஜோடிகளை எண்ணிக்கொண்டே வாருங்கள். ஒற்றைப்படை வந்தால் மாமன் மச்சான் பக்கம். இரட்டைப்படை வந்தாலும், ஒன்றுகூட இல்லாவிட்டாலும் அண்ணன் தம்பி பக்கம். பூட்டன் காலத்தில் பிரிந்த வழியாக இருந்தாலும் கணக்கு இதேதான்.

நீங்கள் தேடும் ஆள் ஒரு தலைமுறை மேலே இருந்தால் அவர் உங்கள் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ என்ன முறை என்று முதலில் கண்டுபிடியுங்கள். அப்பாவுக்கு அண்ணன் தம்பி முறையானவர் உங்களுக்குப் பெரியப்பா, சித்தப்பா. அக்கா தங்கை முறையானவர் அத்தை. மச்சான் முறையானவர் மாமா. முறைப்பெண்ணாக இருந்தவர் பெரியம்மா அல்லது சின்னம்மா. அம்மா பக்கமும் இப்படியே: அவருக்கு நாத்தனார் முறை வருகிறவர் உங்களுக்கு அத்தை, அவருக்கு முறைப்பையனாக இருந்தவர் உங்களுக்குச் சித்தப்பா அல்லது பெரியப்பா.

இதில் வயதைப் பார்க்காதீர்கள், கோட்டைப் பாருங்கள். ஈசூனில் நான் பாட்டி என்று நினைத்தவர்தான் அந்த அக்கா, எனக்குப் பெரியம்மா என்பதே காலண்டர் தாளில் போட்ட பிறகுதான் தெரிந்தது. எண்பது வயதைத் தாண்டியவர், ஆனால் என் அப்பா இருக்கும் அதே கோட்டில் இருக்கிறார். உங்களைவிட ஐந்து வயது சின்னவர் உங்களுக்குச் சித்தப்பாவாக இருக்கலாம். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாமா என்பது உங்கள் இருவருக்குள் முடிவு செய்துகொள்வது. தாளில் அவர் இடம் மாறாது.

கல்யாணம் வழியாக வந்தவர்கள்

இது சுருக்கமானதுதான். வாழ்க்கைத்துணையின் பக்கம் கண்ணாடி மாதிரி. மனைவிக்கு அண்ணன் தம்பி முறையானவர் உங்களுக்கு மச்சான். மனைவிக்கு மச்சான் முறையானவர் உங்களுக்கு அண்ணன் தம்பி. அக்கா தங்கையைக் கட்டியவர்கள் சகலை, அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டவர்கள் ஓரகத்தி. இரண்டு ஜோடியின் பிள்ளைகளும் உடன்பிறப்பு முறை.

சொற்கள் ஊருக்கு ஊர் மாறும். ஒரு வீட்டில் மதினி, இன்னொரு வீட்டில் அண்ணி, வேறொரு வீட்டில் நங்கை. சில ஊர் முஸ்லிம் குடும்பங்களில் அப்பாவை அத்தா என்பார்கள், வேறு ஊர் முஸ்லிம் வீடுகளில் வாப்பா. சிங்கப்பூரில் எல்லா ஊர்ச் சொல்லும் ஒரே மின்தூக்கியில் ஏறுகிறது. அதனால் தாளில் சொல்லை எழுதாமல் வழியை எழுதுங்கள்: 'அப்பாவின் அத்தையின் மகள்' என்று.

இரண்டு வழியில் சொந்தம் வருவதும் சாதாரணம். அக்கா மகளைக் கட்டிய மாமன் இருக்கிற குடும்பத்தில் ஒருவரே ஒரு பக்கம் மச்சினியாகவும் மறு பக்கம் சின்னம்மாவாகவும் வருவார். இரண்டு வழியையும் வரைந்துவிடுங்கள். கூப்பிடுவதற்கு எது என்று வீட்டில் கேளுங்கள். பெரும்பாலும் கிட்டத்து வழி எதுவோ அதுதான் நிற்கும்.

சரிபார்ப்பதற்கு என்னென்ன இருக்கிறது

ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். நல்ல சாட்சி சடங்கு. துக்க வீட்டில் யார் என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள். தீட்டுக் காப்பவர்கள் பங்காளிகள். கோடித் துணி கொண்டுவருபவர்கள் பிறந்த வீட்டுக்காரர்கள், சம்பந்தி வீட்டுக்காரர்கள், அதாவது கொண்டான் கொடுத்தான் பக்கம். நெய்ப்பந்தம் பிடிப்பவர்கள் பேரப்பிள்ளைகள். கருமாதிவரை போய் உட்கார்ந்து பார்த்தால் ஒரு குடும்பத்தின் கொடிவழி முழுவதும் கண் முன்னால் நடமாடும்.

அடுத்தது குலதெய்வம். அப்பா வழியில் இறங்குவது அது. இரண்டு வீட்டுக்கும் ஒரே ஊரில் ஒரே குலதெய்வம் என்றால் பெரும்பாலும் பங்காளிகள், பெண் எடுக்க மாட்டார்கள். நகரத்தாருக்கு ஒன்பது கோயில் கணக்கு இருப்பதும் இதற்காகத்தான். எந்தக் கோயில் என்று கேட்டாலே பங்காளியா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

மொய் நோட்டைத் தேடி எடுங்கள். யார், எந்த ஊர், எவ்வளவு என்று எழுதியிருக்கும். முகவரியும் உறவும் அதில் கிடைத்த அளவுக்கு எனக்கு வேறு எங்கும் கிடைக்கவில்லை. ஊரிலிருந்து வந்த கல்யாணப் பத்திரிகைகளில் தாய்மாமன்களும் பெரியப்பா சித்தப்பாக்களும் வரிசையாக அச்சாகியிருப்பார்கள். அவற்றைத் தூக்கிப் போடாதீர்கள்.

இங்கே வீட்டிலேயே இருக்கும் தாள்களும் உதவும். பிறப்புச் சான்றிதழில் அப்பா, அம்மா பெயர் இருக்கும். அடையாள அட்டையில் 'எஸ்/ஓ' (இன்னாரின் மகன்), 'டி/ஓ' (இன்னாரின் மகள்) என்று அப்பா பெயர் சேர்ந்தே வருவதால், ஒரு அட்டையில் இரண்டு தலைமுறை கிடைத்துவிடுகிறது. 2022 மே 29 முதல் பிறப்பு, இறப்புச் சான்றிதழ்கள் மின்னிலக்க வடிவில்தான் வழங்கப்படுகின்றன. அதற்கு முந்திய தாள்கள் பழைய பிஸ்கட் டின்னிலோ அலமாரித் துணிக்கு அடியிலோ இருக்கும், படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து வேறு ஆள் என்று தள்ளிவிடாதீர்கள். கூடப்பிறந்த மூன்று பேரின் சான்றிதழில் ஒரே அப்பாவின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். பிறப்பைப் பதிந்த எழுத்தர் காதில் விழுந்ததை எழுதியிருப்பார்.

தமிழ் முரசு 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கியது. அதன் பழைய இதழ்களைத் தேசிய நூலக வாரியம் மின்னிலக்கமாக்கி இணையத்தில் வைத்திருக்கிறது. குடும்பத்தில் ஒருவர் இறந்த தேதி தெரிந்தால் அதை அடுத்த சில நாள் இதழ்களைத் திறந்து பாருங்கள். மரண அறிவித்தல் வந்திருந்தால் மகன், மகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று முழு வரிசையும் இருக்கும். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979 முதல் நேர்காணல்களைப் பதிவு செய்து வருகிறது, தமிழிலும் உண்டு. உங்கள் குடும்பத்தார் அதில் இல்லாவிட்டாலும், அதே குடியிருப்பில் அதே காலத்தில் வாழ்ந்தவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டுப் போனால் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்கக் கேள்விகள் கிடைக்கும்.

நம் ஊர்ச் சிக்கல்கள்

சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கென்று சில முடிச்சுகள் இருக்கின்றன. அவற்றை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

முதலாவது, கப்பல். நாகப்பட்டினத்தில் ஏறியவர்களை ரஜுலா போன்ற கப்பல்கள் நேராக இங்கே கொண்டுவந்து இறக்கவில்லை. வழியில் பினாங்கிலும், இன்று போர்ட் கிள்ளான் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் நின்றுதான் வரும். ஒரே வீட்டு அண்ணன் தம்பிகள் வேறு வேறு துறைமுகத்தில் இறங்கிப் பிரிந்திருக்கலாம். 1965-க்குப் பிறகு நடுவில் நாட்டெல்லையும் வந்துவிட்டது. உங்கள் தாத்தா 'தனியாள்' என்று சொல்லப்பட்டால், பேராக், கிள்ளான் பக்கம் யாராவது உண்டா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, ஒட்டிய உறவு. ஒரே கப்பலில் வந்தவர்கள், ஒரே குவார்ட்டர்ஸில் பக்கத்துக் கதவில் இருந்தவர்கள் ஆயுசுக்கும் அண்ணன் தம்பியாகவே வாழ்ந்திருப்பார்கள். பிள்ளைகள் பெரியப்பா என்றே வளர்ந்திருப்பார்கள். இரத்த வழியா என்று அறிய, அந்த வீட்டில் சாவு விழுந்தபோது நம் வீட்டில் தீட்டுக் காத்தார்களா என்று கேளுங்கள். காக்கவில்லை என்றாலும் தாளிலிருந்து அவர்களை அழிக்காதீர்கள். புள்ளிக்கோடு போட்டு இணையுங்கள். துன்பக் காலத்தில் கூட நின்ற குடும்பத்துக்குத் தாளில் இடம் இல்லை என்றால் அந்தத் தாளால் என்ன பயன்?

மூன்றாவது, வளர்ப்புப் பிள்ளைகள். சீனக் குடும்பத்துப் பெண் குழந்தைகளைத் தமிழர்கள் எடுத்து வளர்த்தது இங்கும் மலேசியாவிலும் பரவலாக நடந்தது. அவர்கள் தமிழே பேசி, பூவும் பொட்டும் வைத்து, இன்று பாட்டிகளாக இருக்கிறார்கள். கணக்கில் அவர் மகள் என்றால் மகள்தான், முழுக்கோடுதான். பிறப்பைப் பற்றி அவராகச் சொன்னால் ஒழிய நீங்கள் கிளறக் கூடாது.

நான்காவது, இரண்டு குடும்பம். ஊரில் ஒரு மனைவி, இங்கே ஒரு மனைவி என்று வாழ்ந்த தாத்தாக்கள் உண்டு. 1961-இல் மகளிர் சாசனம் வந்த பிறகுதான் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒருவருக்கு ஒரு துணை என்பது சட்டமானது. ஒரே அப்பாவின் பிள்ளைகள் இரண்டு தாய்க்குப் பிறந்திருந்தாலும் பங்காளிகள், கணக்கில் குழப்பம் இல்லை. மனத்தில்தான் காயம் இருக்கும். இதைக் கூட்டத்தில் கேட்காதீர்கள். தனியாக, ஒருவரிடம், அவர் சொல்லும் மட்டும் கேளுங்கள். எழுத வேண்டாம் என்றால் எழுதாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் தாளைப் படம் எடுத்துப் போடும்முன் இதையும், பிறந்த தேதிகளையும் மறைத்துவிடுங்கள்.

தாளில் எதையும் மையால் எழுதாமல் இருப்பது நல்லது. போன தை மாதம் பெருமாள் கோயில் கல்யாண மண்டபத்தில் அந்த ஈசூன் பெரியம்மாவை மறுபடியும் பார்த்தேன். கேட்பதற்கு முன்பே சொன்னேன்: "பெரியம்மா, நான் உங்க தாய்மாமாவோட பேரன்." கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். கைப்பேசியில் இருந்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். ஒவ்வொரு பெயராக வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"எல்லாம் சரி. ஒருத்தர விட்டுட்டியே" என்றார். கப்பல் தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்திருக்கிறார். பினாங்கில் இறங்கித் தோட்ட வேலைக்குப் போனவர். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் வேலைக்குக் கொண்டுபோனார்கள், திரும்பி வரவில்லை. பெரியம்மாவே அவரைப் பார்த்ததில்லை, அவர் அம்மா சொல்லக் கேட்டதுதான்.

மொய்க் கவர் ஒன்றின் பின்பக்கத்தில் முக்கோணம் போட்டேன். கூடப்பிறந்தவர்கள் வரிசையில் எங்கே என்று கேட்டேன். கடைசி என்றார். பெயர் கேட்டேன். கொஞ்ச நேரம் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்னவருன்னுதான் அம்மா சொல்லும்" என்றார். அப்படியே எழுதிக்கொண்டேன்.